பத்தியம் தெரியாமல் பந்தி வைக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வு பெற்ற பிறகும் டீச்சர் பாடம் நடத்துவதை விடவில்லை என்று தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். கோபத்தில் எழுதுகிறேன். ஆனாலும் கணக்கை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் தங்கச்சி பேத்தி பிளஸ் ஒன் படிக்கிறாள். கணிதப் பிரிவு, தமிழ் மீடியம். போன ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "டீச்சர் அம்மாச்சி, புக்குல இருக்கற விடை எனக்கு வரமாட்டேங்குது" என்றாள். கணக்கு இதுதான்: 5 மாணவர்கள், 3 மாணவிகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். எந்த இரண்டு மாணவிகளும் அடுத்தடுத்து நிற்கக் கூடாது. எத்தனை விதமாக நிறுத்தலாம்?

அவள் போட்டிருந்த விடை 36,000. சரியான விடை 14,400. எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். டியூஷனில் கொடுத்த ஒரு பக்கத் தாளை நீட்டினாள். அதில் இரண்டே வரி. "'சேர்ந்து' என்று வந்தால் ஒன்றாகக் கட்டு. 'சேராமல்' என்று வந்தால் மொத்தத்தில் கழி." வரிசை மாற்றமும் சேர்வும் அவ்வளவுதானாம். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்களாம்.

"விடை வரலைன்னு அங்க கேக்கலையா?"

"கேட்டேன். அந்த டைப் கஷ்டம், விட்ருன்னு சொல்லிட்டாங்க. அதான் பிளஸ் ஒன்னுக்குப் பப்ளிக் எக்ஸாமே இல்லையே, அம்மாச்சி."

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவள். நடுநிலைப் பள்ளியில் 36 வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். பதினொன்றாம் வகுப்புக் கணக்கைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. தகுதி இருக்கிறது. ஏனென்றால் இந்த வியாதிக்கு விதை போட்டதே எங்களைப் போன்ற கீழ்வகுப்பு ஆசிரியர்கள்தான்.

நினைவிருக்கிறதா, பிள்ளைகளே? மூன்றாம் வகுப்பில் நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்? "'மொத்தம்'னு வந்தா கூட்டு. 'மீதி'ன்னு வந்தா கழி." அப்படித்தான் என் ஆரம்ப வருஷங்களில் நடத்தினேன். நோட்டில் சரியான விடை வந்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் மெச்சிக்கொண்டார்கள். ஒரு நாள் இப்படி ஒரு கணக்குக் கொடுத்தேன்: "கண்ணன் 8 தீப்பெட்டி கொடுத்துவிட்டான். அவனிடம் மீதி 12 இருக்கிறது. முதலில் எத்தனை வைத்திருந்தான்?" வகுப்பு முழுக்க 4 என்று எழுதியது. 'மீதி' என்ற சொல் இருக்கிறதே, டீச்சர் சொன்னபடி கழித்துவிட்டார்கள். கண்ணன் வைத்திருந்ததே நாலு என்றால் எட்டு கொடுத்தது எப்படி என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. நான் கேட்கப் பழக்கவில்லை. அன்றைக்கு வெட்கப்பட்டுத்தான் முறையை மாற்றினேன். அதே நோய் இப்போது பிளஸ் ஒன் வரைக்கும் ஏறி நிற்கிறது.

சரி, பேத்தி கதைக்கு வருகிறேன். பெரிய கணக்கை மூடி வைக்கச் சொன்னேன். அடுக்களையிலிருந்து மூன்று மிளகாய் வற்றலும் ஒரு புளியங்கொட்டையும் எடுத்துவந்து முன்னால் வைத்தேன். "கொட்டை ஒரு பையன். வற்றல் மூணும் மூணு பிள்ளைக. எந்த ரெண்டு வற்றலும் பக்கத்துல வரக் கூடாது. உன் தாளை வச்சே போடு."

போட்டாள். நாலு பேர் நிற்க 24 விதம். மூன்று மாணவிகளையும் ஒன்றாகக் கட்டினால் 12 விதம். 24-ல் 12 போனால் 12. "பன்னெண்டு, அம்மாச்சி."

"சரி. அதுல ஒண்ணை மட்டும் எனக்கு அடுக்கிக் காட்டு."

அடுக்கினாள், கலைத்தாள், திரும்ப அடுக்கினாள். கொட்டையை எங்கே வைத்தாலும் இரண்டு வற்றல் ஒட்டிக்கொண்டுதான் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்து, "ஒண்ணுமே வராதே" என்றாள். ஆமாம். விடை பூஜ்ஜியம். தாள் சொன்ன விடை 12.

எங்கே தப்பு? தாள் கழித்தது "மூன்றும் ஒன்றாக" நிற்பதை மட்டும். இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு மூன்றாவது ஆள் தள்ளி நிற்கும் நிலைகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கணக்குக் கேட்டது "எந்த இரண்டும்" கூடாது என்று. தாள் பதில் சொன்னது "மூன்றும்" கூடாது என்பதற்கு. கேள்வி ஒன்று, பதில் வேறொன்றுக்கு.

இது கணக்கில் வந்த தப்பு மட்டும் கிடையாது. தமிழை ஊன்றிப் படிக்காத தப்பும்தான். "பிள்ளைகள் எல்லாரும் சாப்பிடவில்லை" என்று வீட்டில் சொல்கிறோம். ஒருவரும் சாப்பிடவில்லையா, சிலர் சாப்பிட்டுச் சிலர் பாக்கியா? சமையல் செய்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரிந்தாக வேண்டும். 'எந்த இரண்டும்', 'மூன்றும்', 'குறைந்தது ஒன்று', 'ஒன்றே ஒன்று' என்று சின்னச் சின்னச் சொற்களில்தான் இந்தப் பாடம் மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்காமல், 'சேராமல்' என்ற ஒரு சொல்லைக் கண்டதும் பாயச் சொல்லிக் கொடுப்பது படிப்பு ஆகாது.

பிறகு பெரிய கணக்கை எடுத்தோம். முதலில் பத்தியம் இல்லாத ஐந்து பையன்களும் நிற்கட்டும். அதற்கு 120 விதம். அவர்களுக்கு நடுவில் நாலு இடைவெளி. இரண்டு ஓரத்தையும் சேர்த்தால் ஆறு இடம். (ஓரத்தை மறப்பது அடுத்த வழக்கமான தப்பு. கையை விரித்துக் காட்டி, "சுண்டு விரலுக்கு வெளியேயும் இடம் இருக்கு, கட்டை விரலுக்கு வெளியேயும் இடம் இருக்கு" என்று சொல்வேன், நினைவிருக்கும்.) ஒரு இடத்துக்கு ஒரு பெண் என்று ஆறு இடத்தில் மூன்று பேரை நிறுத்த 6 × 5 × 4, அதுவும் 120. 120-ஐ 120-ஆல் பெருக்கினால் 14,400. கழித்தலே இல்லாமல் முடிந்தது. மூன்று பேரும் ஒட்டி நிற்பது 4,320. இருவர் மட்டும் ஒட்டி நிற்பது 21,600. மூன்றையும் கூட்டுங்கள், 40,320 வரும். எட்டுப் பேர் எந்தப் பத்தியமும் இல்லாமல் நிற்கும் மொத்த எண்ணிக்கையும் அதுதான். பேத்தியே கூட்டிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

என் வகுப்பில் 'நிபந்தனை' என்ற சொல்லுக்குப் பதிலாகப் 'பத்தியம்' என்றுதான் சொல்வேன். நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைப்பார்கள். குழம்பு வைத்து இறக்கிய பிறகு பத்தியம் கேட்டால் குழம்பைக் கொட்ட வேண்டியதுதான். கணக்கிலும் அப்படித்தான். பத்தியத்தை முதலில் வை, பிறகு எண்ணு. கல்யாண வீட்டில் பந்தி வைக்கிற நம் பெரியவர்களுக்கு இது யாரும் சொல்லித் தராமலே தெரியும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மாமன்மார்களை முதலில் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு இலை போடுவார்கள். (எந்த மாமன்மார் என்று கீழே யாரும் கேட்க வேண்டாம்.)

எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் 'தகவல் செயலாக்கம்' என்று ஒரு இயல் இருக்கிறது. எண்ணுவதற்கான கூட்டல் கொள்கை, பெருக்கல் கொள்கை, வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவது எல்லாம் அதில் உண்டு. எல்லை தொடும் இரண்டு பகுதிக்கு ஒரே வண்ணம் கூடாது. இதுவும் பத்தியம்தான். நம் மாவட்டத்துக்குப் பச்சை என்றால் மதுரைக்குப் பச்சை ஆகாது, தூத்துக்குடிக்கும் ஆகாது. ஆனால் மதுரையும் தூத்துக்குடியும் ஒன்றையொன்று தொடவில்லை. அவை இரண்டுக்கும் ஒரே நிறம் கொடுக்கலாம். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு செய்வார்கள். அந்த இயல் கடைசியில் இருக்கிறது என்று வருஷக் கடைசியில் வேகமாகப் புரட்டிவிட்டுப் போகிற பள்ளிகள் உண்டு. பிளஸ் ஒன்னில் வந்து முழிப்பதற்கு அங்கேயே அஸ்திவாரம் போட்டாகிவிட்டது.

இனி 'விட்டுவிடு' என்ற உபதேசத்துக்கு வருகிறேன்.

பழைய கதை பலருக்கு மறந்திருக்கும். ஒரு காலத்தில் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, அந்த வருஷமே பிளஸ் டூ புத்தகத்தைத் திறந்துவிடுகிற பள்ளிகள் நிறைய இருந்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. இப்போது 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் தலைச்சுமை குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். தேர்வு வேண்டும் என்று நான் கொடி பிடிக்கவில்லை. தேர்வைத்தானே எடுத்தார்கள், பாடத்தையும் சேர்த்து எடுத்துவிட்டதாக யார் சொன்னது? இந்த இயலை விட்டால் அடுத்து வரும் ஈருறுப்புத் தேற்றம் மந்திரமாகப் போய்விடும். நிகழ்தகவு புரியாது. பிளஸ் டூவில் நிகழ்தகவுப் பரவல் வரும்போது மறுபடி ஒரு தாள், மறுபடி இரண்டு வரி, மறுபடி 'விட்டுவிடு'. பொறியியல் நுழைவுத் தேர்வுக்கோ வங்கித் தேர்வுக்கோ போகும்போது, இதே பாடத்தை இங்கிலீஷில் காசு கட்டிப் படிக்க வேண்டும். காசு இருக்கிற வீட்டுப் பிள்ளை படித்துக்கொள்ளும். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவர் பிள்ளை என்ன செய்யும்?

தேர்ச்சி விழுக்காட்டில் மாநிலத்திலேயே முதலிடம் என்று பல வருஷம் பெயர் வாங்கிய மாவட்டம் நம்முடையது. அதில் எனக்கும் பெருமை உண்டு. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகளைக் கரை சேர்த்தது அந்த உழைப்புதான். "பாஸ் ஆனாப் போதும் டீச்சர், எல்லாம் புரிஞ்சுதான் ஆகணுமா?" என்று என்னிடமே கேட்ட பெற்றோர் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பயம் எனக்குத் தெரியும். ஆனால் பாஸ் ஆக வைப்பதற்காகக் கற்றுக்கொடுக்கிற குறுக்கு வழியே ஒரு பழக்கமாகிவிடுகிறது. நிபந்தனையைப் படிக்காதே, விடைக்குப் பாய் என்ற பழக்கம். நம் ஊரில் அந்தப் பழக்கத்துக்கு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியாதா?

நம் ஊர்த் தொழிலே பத்தியத்தால் ஆனது. சின்ன வயதில் லீவு நாட்களில் அம்மாவோடு போய்க் கட்டை அடுக்கியிருக்கிறேன். ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி. இரண்டு குச்சி சேர்ந்து விழுந்தால், மருந்தில் முக்கும்போது தலை ஒட்டிக்கொள்ளும், கட்டை கழிவாகும். எழுத்துக்கூட்டத் தெரியாத என் அம்மா, எந்த இரண்டும் ஒட்டக் கூடாது என்பதைக் கையாலேயே கற்றுக்கொடுத்தாள். பட்டாசில் அது இன்னும் கண்டிப்பு. குளோரேட்டையும் கந்தகத்தையும் ஒரே வெடிக்கலவையில் சேர்க்கக் கூடாது என்று 1992-ல் மத்திய அரசு தடை போட்டது. இதையே ஒரு சேர்வுக் கணக்காகப் பாருங்கள். ஆறு மூட்டை இருக்கிறது, மூன்றை எடுக்க 20 வழி. அந்த ஆறில் ஆகாத இரண்டு மூட்டை உண்டு. அவை இரண்டும் சேர்ந்து வருவது 4 வழி. அனுமதி உள்ளது 16. அந்த நாலு வழியை ஒதுக்குவதற்குத்தான் சட்டம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை சொன்னபோது, நம் ஊரில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியுமோ என்று கவலைப்பட்டோம். அந்தத் தீர்ப்பைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். ஆனால் ஒன்று புரிந்தது. எதைச் செய்யலாம் என்பதைவிட எதைச் சேர்க்கக் கூடாது என்பதில்தான் இந்த ஊர்ப் பிழைப்பு நிற்கிறது.

ஃபயர் ஆபீசில் ஒவ்வொரு அறைக்கும் ஆள் கணக்கு உண்டு, மருந்துக் கணக்கு உண்டு. அதைச் சுவரிலேயே எழுதி வைத்திருப்பார்கள். என்னிடம் படித்த ஒருவன் இந்தத் தொழிலில் போர்மேனாக இருந்தான். ஒரு நாள் பஸ்ஸில் பார்த்தபோது சொன்னான். "டீச்சர், நாலு பேர் ரூம்ல தீபாவளி நெருக்கத்துல ஏழு பேர் உக்காந்துருவாங்க. தப்புன்னு எல்லாத்துக்கும் தெரியும். ஆர்டர் முடியணும்ல."

ஏழு பேரில் நாலு பேரைத் தேர்ந்தெடுக்க 35 வழி இருக்கிறது. ஏழு பேரையும் அந்த அறையில் உட்கார வைக்க எத்தனை வழி? பூஜ்ஜியம். பேத்தி மிளகாய் வற்றலில் கண்டுபிடித்த அதே பூஜ்ஜியம். 'முடியாது' என்பதும் ஒரு விடைதான் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை. அந்த டியூஷன் தாளுக்குப் பூஜ்ஜியம் என்று ஒரு விடை இருப்பதே தெரியாது. எதைக் கேட்டாலும் ஏதோ ஒரு எண் வந்துவிடும். பன்னிரண்டு வழி இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லும்.

2012 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். பள்ளியில் பிள்ளைகள் பூவும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்கு மேல் முதலிப்பட்டிச் செய்தி வந்தது. 35-க்கும் மேற்பட்ட உயிர்கள். அனுமதித்ததைவிட அதிக ஆள், அதிக மருந்து என்றுதான் அப்போது செய்திகளில் அடிபட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஆசிரியர் தினத்துக்கும் யாராவது வாழ்த்துச் சொன்னால் எனக்கு அந்த மதியம்தான் நினைவுக்கு வரும்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வரிசை மாற்றம் ஒழுங்காகப் படித்திருந்தால் விபத்து நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது செத்தவர்களைப் பழிப்பது. உள்ளே உட்கார்ந்த கூலிக்காரருக்கு வேறு வழி இருக்கவில்லை. கூடுதல் ஆளை உட்கார வைத்து லாபம் பார்க்கிறவர்கள், உள்குத்தகை விடுகிறவர்கள், பார்த்தும் பார்க்காமல் போகிறவர்கள், பொறுப்பு அவர்களுடையது. ஆனால் அவர்களும் ஏதோ ஒரு வகுப்பில் உட்கார்ந்து படித்துவிட்டுத்தானே போனார்கள்? முதலாளியும் நம் பிள்ளை. போர்மேனும் நம் பிள்ளை. சோதனைக்கு வருகிற அதிகாரியும் யாரோ ஒரு டீச்சரின் பிள்ளை. நிபந்தனை என்பது கணக்கின் வாலில் ஒட்டியிருக்கிற தொல்லை, அது இருக்கிற கணக்கை விட்டுவிடலாம் என்று பதினாறு வயதில் சொல்லிக் கொடுத்தது யார்? நாம்தான். அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

ஆசிரியர்களாக இருக்கிற என் மாணவர்களுக்கு: சூத்திரம் எழுதுவதற்கு முன்னால், மூன்று பேர் நாலு பேர் வைத்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டுப் பேர் கணக்கை எழுதி முடிக்க முடியாது. நாலு பேர் கணக்கை முடியும். அங்கே சூத்திரம் பொய் சொன்னால் பிள்ளையே பிடித்துவிடும். விடை பூஜ்ஜியம் வருகிற கணக்கையும் ஒன்றிரண்டு சேர்த்துக் கொடுங்கள். தேர்வு இல்லை என்று இந்த இயலைத் தள்ளாதீர்கள். தேர்வு பயம் இல்லாமல் நிதானமாக நடத்த இப்போதுதான் வாய்ப்பு வந்திருக்கிறது.

டியூஷன் எடுக்கிறவர்களுக்கு: நீங்களும் பிழைக்க வேண்டும், தெரிகிறது. உங்களில் என் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு வரித் தாளைக் கிழித்துப் போடுங்கள். அல்லது மூன்றாவதாக ஒரு வரி சேருங்கள்: "எதைக் கூடாது என்கிறார்கள் என்று முதலில் உன் சொந்த வார்த்தையில் எழுது."

பெற்றோருக்கு: பிள்ளையிடம் "விடை வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "எதை எண்ணுன?" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டாம். அது பதில் சொல்லத் தடுமாறினாலே, எங்கே புரியவில்லை என்று அதற்கே தெரிந்துவிடும்.

நேற்று பேத்தி போன் பண்ணினாள். டியூஷனில் அந்த 3 வற்றல், 1 கொட்டை கணக்கைக் கேட்டிருக்கிறாள். அவர்களும் 12 என்றார்களாம். "ஒண்ணு அடுக்கிக் காட்டுங்கன்னு கேட்டுட்டேன், அம்மாச்சி" என்றாள். அப்புறம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

கடைசியாக உங்களுக்கு வீட்டுப்பாடம். ஓய்வு பெற்றாலும் விட மாட்டேன். கல்யாணப் பந்தியில் ஒரே வரிசையில் 7 இலை. 7 சொந்தக்காரர்கள். பெரிய பாட்டிக்கு முட்டி வலி, எழுந்திருக்க வசதியாக ஏதாவது ஒரு ஓரத்தில்தான் உட்காருவார். மற்ற ஆறு பேரில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மாமன்மார் பக்கத்துப் பக்கத்தில் உட்காரக் கூடாது. எத்தனை விதமாகப் பந்தி வைக்கலாம்? வெறும் விடையைக் கீழே போடாதீர்கள். எந்தப் பத்தியத்தை முதலில் வைத்தீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள். தப்பாக இருந்தால் பரவாயில்லை, அடிக்க மாட்டேன். பிரம்பை எப்போதோ தூரப் போட்டாயிற்று.

இந்தப் பதிவில் கணக்குப் பிழை ஏதாவது கண்ணில் பட்டால் தயங்காமல் சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்